ஹான்லேயில் கண்ட இருள்

தில்லியிலும் பிற வடநாட்டு நகரங்களிலும் குடியேறி வாழும் நம்மவர், விடுமுறை கிடைத்தால் ஊர்ப்பக்கம் புறப்படுவதே வழக்கம். வடக்கே செல்ல மனங்கொள்வோர் ஹரித்துவாரம், பத்ரிநாதம், சிம்லா என்று போய் வருவர். அண்மைக்காலத்தில் லடாக்கையும் சிலர் கண்டு வருகின்றனர். ஆயினும் அவர்களுள் பெரும்பாலோர் பாங்காங் ஏரிக்கரையோடு திரும்பிவிடுகின்றனர். அதற்குத் தெற்கே, திபெத்திய எல்லையை ஒட்டி, ஹான்லே என்றோர் ஊர் இருக்கிறது. பிற ஊர்களுக்கு விளக்கொளியைக் காணச் செல்வோர் உண்டு. இவ்வூருக்கு மக்கள் இருளைக் காணச் செல்கின்றனர். நம் சங்கத்தைச் சேர்ந்த நான்கு குடும்பத்தார், புரட்டாசி அமாவாசையை ஒட்டி அங்குச் சென்று வந்தோம். கண்டவற்றையும் கேட்டறிந்தவற்றையும் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

லே நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் ஒரு மணி நேரத்தில் அவ்வளவு உயரம் ஏறிவிடுவதால், உடல் பழகுவதற்கு இரண்டு நாள் முழு ஓய்வு தேவை. மூன்றாம் நாள் காலையில் சிந்து நதியின் கரையோடு எங்கள் பயணம் தொடங்கியது. உப்ஷி, சுமாதாங், நியோமா என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சுமாதாங்கில் ஆற்றங்கரையிலேயே வெந்நீர் ஊற்றுகள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. லோமா என்னுமிடத்தில் பாலத்தைக் கடந்து நதியை விட்டுப் பிரிந்தோம். அதன்பின் மரமில்லை, செடியில்லை. பழுப்பு நிற மலைகளும் அவற்றினிடையே அகன்ற சமவெளியும்தாம். சாங்பா மக்களின் பஷ்மினா ஆடுகள் ஒருபுறமும், கியாங் எனப்படும் காட்டுக் கழுதைகள் மற்றொருபுறமும் மேய்ந்துகொண்டிருந்தன. லேயிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீட்டர் கடந்து, பொழுது சாயும் வேளையில் ஹான்லேயை அடைந்தோம்.

சிறிய குன்றின்மேல் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்த மடம் ஒன்றும், அதன் அடியில் வீடுகளும், சற்றுத் தொலைவில் திக்பா-ரட்சா-ரி என்னும் மலையும் இருக்கின்றன. அம்மலையின்மேல் 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வானாய்வு நிலையம் அமைந்துள்ளது. பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் கழகம் அதனை நடத்துகிறது. அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் ஆடி இரண்டு மீட்டர் விட்டமுடையது. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் முதன்முதலாக அதில் விண்ணொளி விழுந்தது. அதற்கு ‘இமாலய சந்திரா தொலைநோக்கி’ என்று பெயர்.

அப்பெயர் நமக்கு அயலானதன்று. நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக இடப்பட்டது அது. அவர் 1910-ல் பிறந்த ஊர் லாகூர். தந்தையார் அங்கே ரயில்வே கணக்குத் துறையில் பணியாற்றிய தமிழர். உத்தியோகத்தின் பொருட்டு வடக்கே வந்து குடியிருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை, பின்னர்ச் சென்னையில் பயின்று, கடல் கடந்து சென்று, விண்மீன்களின் முடிவைப் பற்றி உலகம் வியக்க ஆராய்ந்தார். விண்மீன்களின் தொடக்கத்தை ஆராயவும் அவர் பெயர் தாங்கிய கருவி இமயத்தின்மேல் நிற்பது பொருத்தமாகவே தோன்றியது.

2022-ஆம் ஆண்டு டிசம்பரில் இவ்வூரைச் சூழ்ந்த 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு ‘இருள்வான் காப்பகம்’ என்று அறிவிக்கப்பட்டது. புலிக்கும் யானைக்கும் காப்பகம் உண்டு. இருளுக்கும் ஒன்று உண்டென்பதை அங்குதான் கண்டோம். நாங்கள் தங்கிய வீட்டின் சன்னல்களில் கனத்த திரைகள் தொங்கின. மாலை மயங்கியதும் வீட்டுக்காரர் ஒவ்வொரு திரையையும் இழுத்து மூடினார். வெளியே செல்வதானால் சிவப்புத் தாள் ஒட்டிய கைவிளக்கு மட்டுமே. அதுவும் தரையை நோக்கித்தான். கிராமத்தவருள் சிலருக்கு வானாய்வு நிலையத்தார் பயிற்சியளித்துச் சிறு தொலைநோக்கிகளும் கொடுத்திருக்கின்றனர். வருவோர்க்கு வானத்தைக் காட்டுவது அவர்கள் தொழில். எங்களுக்குக் காட்ட வந்தவர் இளம்பெண் ஒருவர். “ஜூலே” என்று வணங்கிவிட்டு, எங்களுள் மூத்த அம்மையாரை “ஆமா-லே” என்று மரியாதையாக அழைத்து, அவருக்கு மட்டும் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

இரவு எட்டு மணிக்கு வெளியே வந்தோம். கண் பழகுவதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு கண்டதை எப்படி எழுதுவது? தலைக்கு மேலிருந்து தென்மேற்கு அடிவானம் வரை பால்வீதி இறங்கிக் கிடந்தது. அதன் நடுவில் கரும்பட்டை ஒன்று நீளவாக்கில் ஓடி, அதனை இரு கிளைகளாகப் பிரித்திருந்தது. விளக்கு மிகுந்த ஊரில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள், மேகம் வந்து மறைப்பதாகவே எண்ணினர். “மேகந்தான், ஆனால் நம் வானத்து மேகமன்று” என்றார், பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்ற எங்கள் ஆசிரியர்.

அப்போது கிழக்கே மலைவிளிம்பில் கார்த்திகை எழுந்துகொண்டிருந்தது. மூத்த அம்மையார் அதைக் கண்டதும், அசுவினி, பரணி என்று தொடங்கி விரல் மடக்கி எண்ணி, “அது கார்த்திகை, நாங்கள் ஆறுமீன் என்போம்” என்று சொல்ல, அதனை இந்தியில் ஒருவர் எடுத்துரைத்தார். அப்பெண் சிரித்து, “எங்கள் முன்னோர் மொழியில் அது மின்-துருக். துருக் என்றால் ஆறு” என்றார். மொழியால் ஒரு தொடர்பும் இல்லாத இரு மக்கள், ஒரே கூட்டத்தை ஒரே எண்ணிக்கையில் எண்ணிப் பெயரிட்டிருக்கின்றனர். அம்மையாருக்கு அன்று அந்தப் பெண் அயலார் அல்லர் ஆகிவிட்டார்.

ஒன்பது மணிக்குமேல் கார்த்திகையைத் தொடர்ந்து செந்நிற உரோகிணி எழுந்தது. “உரோகிணியைப் பார்த்தீர்களா? அதிலிருந்து கார்த்திகைப் பக்கமாக, சற்றே வடக்கு ஒதுங்கி, முழுநிலவின் அகலத்தைப் போல் நான்கு மடங்கு செல்லுங்கள். அங்கே என்ன தெரிகிறது?” என்று ஆசிரியர் கேட்டார். ஒன்றும் தெரியவில்லை என்றோம். “அந்த ஒன்றுமில்லாத இடத்தைக் காட்டத்தான் உங்களை இவ்வளவு தூரம் அழைத்து வந்தேன்” என்றார் அவர்.

அவர் கூறிய விவரம் இது. விண்மீன்களுக்கு இடையே இருண்டு தோன்றும் இடங்கள் யாவும் வெற்றிடங்கள் அல்ல. பல இடங்களில் வாயுவும் நுண்தூசியும் அடர்ந்து நின்று, பின்னாலுள்ள ஒளியை மறைக்கின்றன. அவற்றை மூலக்கூறு மேகங்கள் என்பர். அவற்றுள் மிகுதியாக இருப்பது ஹைட்ரஜன். அடர்ந்த பகுதிகளில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஆயிரக்கணக்கிலிருந்து பல லட்சம் வரை மூலக்கூறுகள் இருக்கும். நாம் மூச்சுவிடும் காற்றோடு ஒப்பிட்டால் அது வெறுமையே. ஆயினும் அம்மேகத்தின் அகலம் பல ஒளியாண்டுகள். ஓர் ஒளியாண்டு என்பது ஏறத்தாழ 9½ லட்சம் கோடி கிலோமீட்டர். அவ்வளவு தொலைவு திரண்டு நிற்கையில் மெல்லிய பொருளும் திரையாகிவிடுகிறது. அதனுள்ளே குளிர் நீர் உறைநிலைக்குக் கீழ் 260 பாகைக்கும் மேல். இக்குளிரும் இருளுமே விண்மீன் பிறப்பதற்கு ஏற்ற அறை. வெப்பம் மிக்க வாயு விரிந்து ஓடும்; குளிர்ந்த வாயுதான் தன் எடையால் தானே சுருங்கி விழ இசையும்.

உரோகிணிக்கு அருகே அவர் காட்டிய மேகத்திற்குத் தனிப்பெயர் இல்லை. எண் மட்டும் உண்டு. லிண்ட்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார் 1962-ல் வெளியிட்ட இருண்ட மேகங்களின் பட்டியலில் அது 1551-ஆவது. உரோகிணி நமக்கு 65 ஒளியாண்டுத் தொலைவில் முன்னே நிற்கிறது; இம்மேகமோ அதே திசையில் ஏறத்தாழ 450 ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது. அதனுள்ளே இன்னும் மேகத்தைவிட்டு வெளிப்படாத இளம் விண்மீன் ஒன்று, வெப்ப ஒளியால் மட்டுமே அறியப்பட்டிருந்தது. அது ஒன்றன்று, இரட்டைப் பிள்ளைகள் என்பது பின்னால் தெரியவந்தது.

1980-ல் ஸ்நெல், லோரன், பிளாம்பெக் என்னும் மூவர் அம்மேகத்தை ரேடியோ அலையால் ஆராய்ந்தனர். குளிர்ந்த ஹைட்ரஜன் தன்னை எளிதில் வெளிக்காட்டாது. அதனோடு சிறு அளவில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு 2.6 மில்லிமீட்டர் அலையில் பேசும். ரயில் வண்டி ஊதிக்கொண்டு நம்மை நோக்கி வருகையில் ஊதல் கூர்மையாகவும், கடந்து அகல்கையில் தாழ்ந்தும் ஒலிப்பதை நாம் அறிவோம். ரேடியோ அலைக்கும் அதே நியதி. இளம் விண்மீனின் ஒரு பக்கத்து வாயு நம்மை நோக்கியும், நேர் எதிர்ப்பக்கத்து வாயு நம்மைவிட்டு அகன்றும், விநாடிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதை அவர்கள் கண்டனர். ஒவ்வொரு பக்கமும் ஓர் ஒளியாண்டுக்கு மேல் நீண்டிருந்தது. பிறக்கும் விண்மீன் தன் இருபுறமும் வாயுவை வீசி எறிகிறது என்பது இங்கேதான் தெளிவாயிற்று.

இதைக் கேட்ட எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் குறுக்கிட்டான். “தாத்தா, விண்மீன் ஆகவேண்டுமென்றால் வாயு உள்ளே விழவேண்டும் என்றீர்கள். இப்போது வெளியே ஓடுகிறது என்கிறீர்கள். வெளியே எறிந்தால் அது எப்படி வளரும்?”

“நல்ல கேள்வி, தம்பி. எறியாவிட்டால் வளரவே முடியாது” என்று ஆசிரியர் தொடங்கினார். கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டிச் சுழற்றி, கயிறு விரலில் சுற்றிக்கொள்ளும்படி விட்டால், கயிறு குறுகக் குறுகக் கல் விரைந்து சுற்றுவதைச் சிறுவர் யாவரும் கண்டிருப்பர். மேகம் மிக மெல்லச் சுழல்கிறது. ஆனால் அது பல்லாயிரம் மடங்கு சுருங்கும்போது அச்சுழற்சி அளவுகடந்து விரையும். உள்ளே வரும் பொருள் நேரே மையத்தில் விழ முடியாமல், அதைச் சுற்றித் தட்டாகப் பரவிச் சுழன்றுகொண்டேயிருக்கும். அந்தச் சுழற்சியை யாராவது வாங்கிக்கொண்டு போனாலன்றி, வாசல்வரை வந்த வாயு உள்ளே நுழைய இயலாது.

அதனை வாங்கிக்கொண்டு போவதே இந்த வெளியோட்டம். தட்டின் ஊடே காந்தப் புலம் ஊடுருவி நிற்கிறது. நனைந்த குடையைக் காம்பைப் பிடித்துச் சுழற்றினால் நீர்த்துளிகள் கம்பிவழியே ஓடி விளிம்பில் தெறிக்கின்றன அல்லவா? அதுபோல், சுழலும் தட்டின் வாயுவில் ஒரு பகுதி காந்தப் புலத்தின் வழியே வெளிநோக்கி எறியப்படுகிறது. குடைநீர் பக்கவாட்டில் தெறிக்கும். இதுவோ தட்டுக்கு மேலும் கீழும் எழுந்து, இரு தாரைகளாக ஒடுங்கிப் பாய்கிறது. உள்ளே வருவதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இவ்வாறு வெளியேறுவதாகக் கணிக்கின்றனர். வெளியேறும் அச்சிறுபங்கு மிகுந்த சுழற்சியைத் தன்னோடு கொண்டு செல்கிறது. அதனால் எஞ்சிய பெரும்பங்கு அமைதியுற்று விண்மீனைச் சேர்கிறது.

தாரையின் வேகம் விநாடிக்கு நூறு முதல் சில நூறு கிலோமீட்டர். இருநூறு என்று கொண்டால், குமரிமுனையிலிருந்து காஷ்மீரம் வரை செல்லப் பதினைந்து விநாடி போதும். அது வழியிலுள்ள மேகத்தை மோதித் தள்ளிக்கொண்டு செல்கிறது. அவ்வாறு தள்ளப்பட்ட வாயுவின் மெதுவான ஓட்டத்தையே 1980-ல் கண்டனர். மோதும் இடங்கள் சூடேறி ஒளிர்கின்றன. அவ்வொளித் திட்டுகளைக் கலிபோர்னியாவில் ஹெர்பிக்கும் மெக்ஸிகோவில் ஹாரோவும் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே மிருகசீரிடப் பகுதியில் தனித்தனியே கண்டிருந்தனர். அவை எதனால் ஒளிர்கின்றன என்பது தெளிவாக நெடுங்காலம் ஆயிற்று. ஹப்பிள் தொலைநோக்கி பதினான்கு ஆண்டுக்காலத்தில் எடுத்த படங்களை வரிசைப்படுத்தி, 2011-ல் அத்தாரைகள் நகர்வதைச் சலனப்படமாகவே காட்டினர்.

இத்தகைய படங்கள் சிலவற்றை ஆசிரியர் அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தார். மறுநாள் பகலில் அவற்றைச் சுற்றி அமர்ந்து பார்த்தோம். ஒன்று, அதே லிண்ட்ஸ் பட்டியலின் 1527-ஆம் மேகம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்து 2022 நவம்பரில் வெளியானது. நடுவில் இடுங்கி இருபுறமும் விரிந்த உருவம். “உடுக்கை!” என்று எங்கள் பிள்ளைகள் ஒருமித்துக் கூவினர். வெளியோட்டம் மேகத்தைக் குடைந்து ஆக்கிய இரு குகைகளே உடுக்கையின் இரு முகங்கள். இன்னொன்று, 1551-ஆம் மேகத்திற்குள்ளேயே இருக்கும் எச்.எல். டாரி என்னும் இளம் விண்மீன். சிலி நாட்டின் உயர்ந்த பாலைநிலத்திலுள்ள ஆல்மா கருவித்தொகுதி 2014-ல் எடுத்தது. அதன் தட்டில் வட்ட வட்டமாக வளையங்களும் இடைவெளிகளும் காணப்பட்டன. கோள்கள் உருவாகும் வழித்தடங்கள் என்று பலர் கருதுகின்றனர். மூன்றாவது, சர்ப்ப மண்டலத்தில் 2024-ல் வெப் கண்டது. முந்தின இரவு நாங்கள் பார்த்த அந்தக் கரும்பட்டையைச் சேர்ந்த பகுதியே அது. பல இளம் விண்மீன்களின் தாரைகள் ஒரே பக்கம் சாய்ந்து, காற்றில் சாயும் மழைச்சாரல்போல் இருந்தன.

ஹான்லேத் தொலைநோக்கியும் இவ்வாராய்ச்சியில் பங்கு கொண்டிருக்கிறது. 2004 ஜனவரியில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மக்நீல் என்னும் பொழுதுபோக்கு வானநோக்கர், தம் சிறிய தொலைநோக்கியால் மிருகசீரிடப் பகுதியில் புதிதாய் ஒளிர்ந்த மேகம் ஒன்றைக் கண்டார். உள்ளிருந்த இளம் விண்மீன் திடீரென்று மிகுதியான வாயுவை விழுங்கிப் பிரகாசித்ததே காரணம். அது பின்னர் மங்கி, 2008-ல் மறுபடியும் ஒளிர்ந்தது. பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் ஹான்லேயிலிருந்தும் புனேக்கு அருகிலிருந்தும் பல ஆண்டுகள் அதனைத் தொடர்ந்து கவனித்தனர். விழுங்கும் அக்காலத்திலேயே அது வெளிநோக்கிக் காற்றை வீசியதன் தடயமும் அதன் ஒளியில் பதிந்திருந்தது.

பகலில் மலைமேல் ஏறி அத்தொலைநோக்கியின் கூண்டைக் கண்டோம். இரவில் அதனருகே வானநூலார் கூட்டமாக இருப்பதில்லை. பெங்களூருக்கு அருகேயுள்ள ஹொசகோட்டேயில் அமர்ந்து, செயற்கைத் துணைக்கோளின் வழியாக அதனை இயக்குகின்றனர். கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்குக் காற்றே அங்கு உண்டு. பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

இவ்வளவும் கேட்ட மூத்த அம்மையார் ஒன்று சொன்னார்: “வந்ததையெல்லாம் வைத்துக்கொள்வேன் என்றால் வாசலிலேயே நின்று சுற்றவேண்டியதுதான் என்று சொல்லுங்கள்.” ஆசிரியர், “ஆம் அம்மா. எறிந்ததும் வீண் போவதில்லை” என்றார். வெளியோட்டம் சுற்றியுள்ள மேகத்தைக் கலக்குகிறது. மேன்மேலும் விழவிருந்த வாயுவைத் துரத்தி, விண்மீன் இவ்வளவுதான் பெருக்கலாம் என்று அளவும் வைக்கிறது. கலைந்த வாயு வேறோரிடத்தில் வேறொரு விண்மீனுக்கு உதவக்கூடும். 460 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் சூரியனும் இம்முறையில்தான் வளர்ந்திருக்க வேண்டும். அது எறியாமல் மீதம் வைத்த தட்டின் சிறுதுகளே நாம் நிற்கும் பூமி.

ஊரைவிட்டு வந்த நமக்கு, விட்டது இன்னது, பெற்றது இன்னது என்று கணக்குப் பார்க்கும் பழக்கம் உண்டு. அக்கணக்கை விண்மீனோடு பொருத்திப் பார்ப்பது அவரவர் விருப்பம். எங்கள் மனத்தில் நின்றது ஹான்லே மக்களின் கணக்கு. அவர்களுக்கும் பளிச்சென்ற தெருவிளக்கு வேண்டும் என்னும் ஆசை இராதா? அதனை விட்டுக்கொடுத்து, இருளைக் காத்து, அதனாலேயே பிழைப்பும் பெருமையும் அடைந்திருக்கின்றனர். ஆனால் அவ்விருள் உறுதியான சொத்தன்று. செல்வோர் தொகை ஆண்டுதோறும் பெருகினால் வண்டிகளும் விடுதிகளும் பெருகும். ஒரு வண்டியின் முன்விளக்கைக் கவனமின்றி எரியவிட்டால், நாலா பக்கமும் நிற்போர் கண் பழகிய கால் மணி நேரம் பாழாகிறது. வெளிச்சம் ஒருமுறை ஊருக்குள் புகுந்துவிட்டால், அதை வெளியேற்றுவது எளிதன்று என்பதை நகரத்தில் வாழும் நாம் நன்கறிவோம்.

ஆதலின் ஹான்லே செல்ல விரும்பும் அன்பர்கள் அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தேர்ந்துகொள்க. லேயில் தங்கி உடலைப் பழக்கிக்கொள்க. இதயமும் நுரையீரலும் தளர்ந்தோர் மருத்துவரைக் கேளாமல் புறப்பட வேண்டா. எல்லைப்புறம் ஆதலால் அனுமதிச் சீட்டை முன்னரே பெற்றுக்கொள்க. கம்பளியும் சிவப்புக் கைவிளக்கும் மறவாதீர். ஊரார் திரையை மூடச் சொல்லுமுன் நாமே மூடிவிடுவது நல்லது.

செல்ல இயலாதோரும் வருந்த வேண்டுவதில்லை. கார்த்திகை, மார்கழி மாதத்து முன்னிரவுகளில் உரோகிணியை எந்த நகரத்து மாடியிலிருந்தும் காணலாம். குழந்தைகளை அழைத்துக்கொண்டு மேலே செல்லுங்கள். கையை நன்றாக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால், அவ்விரலின் அகலம் ஏறத்தாழ இரண்டு பாகை. உரோகிணியிலிருந்து கார்த்திகைப் பக்கமாகச் சற்றே வடக்கு ஒதுங்கி ஒரு விரலகலம் அளந்து, அங்கே என்ன தெரிகிறது என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்பார்கள். அப்போது, அங்கே இரண்டு விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன என்று சொல்லுங்கள்.